லினக்ஸில் கை நனைத்த கதை

என் கல்யாணம் கொஞ்ச நாள் ஒரு வினைச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கட்டிக்கொள்ள நினைத்தவருடைய அம்மா அயர்லாந்தில் நர்ஸ். அந்த ஊருக்கு வேலைக்குப் போன ஆவடிப் பெண் ஒருத்தியிடம் என் அம்மா ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். போய்ச் சேர்ந்ததா என்று அவர் தன் அம்மாவிடம் போனில் கேட்டதற்கு, "வந்துச்சுப்பா, வச்சிருக்கேன்" என்று பதில் வந்ததாம். அதை அவர் என்னிடம் சொல்ல, நான் போய் அம்மாவிடம் ஒப்பிக்க, அம்மா நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டாள்.

"வச்சிருக்கேன்னா இன்னா அர்த்தம்? சாப்ட்டேன்னு சொல்லலியே."

அம்மா பதறியதில் நியாயம் இருந்தது. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரத் தட்டில் கை வைத்துவிட்டால் சரி என்று சொன்ன மாதிரி. அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நாங்கள் அண்ணனூரில் ஒரு காலத்தில் நெல் போட்டு, இப்போது ஆளுக்கொரு வேலைக்கு ரயில் ஏறுகிற, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். மற்றதில் எல்லாம் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம், கை நனைக்கிற விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம்தான். பொட்டலம் பிரியவில்லை என்றால் மனசும் திறக்கவில்லை என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். அதிலும் அது அவள் சுட்ட முறுக்கு. அந்த முறுக்கில் குறை சொன்ன ஒரே ஆள் என் அத்தை. அதற்குப் பிறகு வந்த பொங்கலுக்கு அத்தைக்கு எங்கள் வீட்டில் காபி மட்டும்தான் கிடைத்தது.

அவர் அம்மாவும் சும்மா முரண்டு பிடிக்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அதை முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்றார். லீவு கிடைத்து இந்தியா வர இன்னும் வெகுநாள் ஆகும். போனில் வீடியோ போடலாமே என்றதற்கு, கையில் பிடித்த போனில் ஆளாளுக்கு மூக்கு ஓட்டையைக் காட்டுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு சம்பந்தம் பேச முடியாது என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில், பெரிதாக, குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், மூன்று கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். என்னுடையதில், அவருடையதில், அவர் அம்மாவை விமானம் ஏற்றும்போது கையில் கொடுத்தனுப்பிய மடிக்கணினியில். நாங்கள் இருவரும் சந்தித்ததே லினக்ஸ் பைத்தியங்கள் அம்பத்தூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற இடத்தில்தான். அன்றைக்கு என் மடிக்கணினியில் வைஃபை வரவில்லை. அவர் வைஃபையைச் சரி செய்தார், சத்தம் போய்விட்டது. நான் சத்தத்தைச் சரி செய்தேன், வைஃபை போய்விட்டது. மற்றவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் நாங்கள் சரி செய்துகொண்டே இருந்தோம். இது சரியாகாமலே இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஊரெல்லாம் வீடியோ பேசப் பயன்படுத்துகிற அந்தப் பெரிய மென்பொருள் லினக்ஸில் திறந்தவுடன் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்டிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். இனி அந்தக் கம்பெனிக்காரன் வாசலில் போய் நிற்பதில்லை, கட்டற்ற மென்பொருளில்தான் பேசுவோம், உலகத்தில் எவ்வளவோ பேர் செய்து சும்மா கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் முழங்கினேன். யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம், அதனால்தான் கட்டற்றது என்று விளக்கமும் கொடுத்தேன்.

அப்பா பேப்பரை மடித்தார். "கட்டிக்கப் போறதுக்கு கட்டற்றதுல பேசப் போறியா? நல்லா கீதும்மா கதை."

அப்பாவுக்கு வேறொரு பயம். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கேமரா வைத்த போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில், ஓய்வு பெற்ற பிறகும் கேமராவைக் கண்டால் திரும்பி நின்றுகொள்வார். எங்கள் வீட்டு விசேஷப் படங்களில் எல்லாம் அப்பாவின் முதுகு நன்றாக விழுந்திருக்கும். அவரைத்தான் ஒரு கேமரா முன்னால் உட்காரவைத்துச் சம்பந்தம் பேச வைக்க வேண்டும்.

தேடல் ஆரம்பித்தது. அவர் ஆவடியில், நான் அடுத்த ஸ்டேஷனில். ரயில் ஏறினால் டீ ஆறுவதற்குள் நேரில் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு வாரம் முழுக்க, ஆபீஸ் விட்டு வந்ததும் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்தோம். முதலில் இறக்கியதில் குரல் வந்தது, படம் வரவில்லை. அடுத்ததில் படம் வந்தது, தலைகீழாக வந்தது. அவர் தலைகீழாகவும் அழகாகத்தான் இருந்தார் என்று, குரல் கேட்காது என்கிற தைரியத்தில் வாய்விட்டுச் சொன்னேன், அந்த நேரம் பார்த்து குரலும் வந்துவிட்டது. இன்னொன்றில் பேசுகிறவருக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரம்தான் அடையாளம். அதை அவர் அம்மா அயர்லாந்திலிருந்து போனில் மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். எங்கேயோ ஓர் எழுத்து பிசகி, யாருக்கோ மணி அடித்தது. நல்லவேளை எடுக்கவில்லை.

ஒன்றில் இரைச்சலை நீக்கும் வசதி இருந்தது. மின்சார ரயில்களை நிறுத்திவைக்கிற கார் ஷெட் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போகிற ரயிலின் ஹாரன் எங்கள் வீட்டில் ஆளோடு ஆளாகக் குடியிருக்கிறது, அதற்காக அந்த வசதியைப் போட்டேன். ஹாரன் சுத்தமாக நின்றது. கூடவே அப்பாவின் குரலும் நின்றுவிட்டது. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டையை அந்த மென்பொருள் ஹாரன் வகையில் சேர்த்துவிட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தன்னால் முடியாததை இது செய்துவிட்டதே என்று அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனசில்லாமல்தான் அந்த வசதியை எடுத்தேன்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. இதுவும் கட்டற்றதுதான். எதையும் இறக்க வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், பிரவுசரிலேயே ஓர் அறைக்குப் பெயர் வைத்தால் போதும், அந்தப் பெயரைத் தட்டுகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிடலாம். படம் நேராக இருந்தது, குரல் உதட்டோடு ஒட்டி வந்தது. மடிக்கணினியை டிவியில் இணைத்தேன். இந்த லினக்ஸுக்கு ஒரு குணம், டிவியைக் கண்டால் சத்தத்தை எல்லாம் அதற்கே கொடுத்துவிடும். முதல்முறை அவர் "என்ன பண்றே?" என்று மெதுவாகக் கேட்டது டிவி ஸ்பீக்கரில் கூடம் அதிரக் கேட்டு, எதிர் வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்தார்.

ஞாயிறு பேச்சு, சனி ஒத்திகை. அறைக்கு மென்பொருளே ஏதேதோ வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லியது. எனக்கு அது பிடிக்கவில்லை. மங்களகரமாக, ஆங்கில எழுத்தில், 'பொண்ணுபாக்கறோம்' என்று வைத்தேன். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்காரவைத்துவிட்டு, ஆவடியில் இருந்தவரைப் போனில் அழைத்து அறையின் பெயரைச் சொல்ல உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் கூடத்தில் ஒரே பேச்சு. திரையில் ஒரு பெரியவர், ஒரு அம்மாள், பின்னால் நெற்றியில் விபூதியோடு ஒரு பையன். அப்பா கேமராவைப் பார்த்து, முதுகைக் காட்டாமல், கை கூப்பி உபசரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒருநாள் முன்னதாகவே சொந்தக்காரர்களோடு வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். வெயில் எப்படி, தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் முடிந்து, அந்தப் பெரியவர் பாப்பாவுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாம்மா இது, சர்ச்சுக்காரங்க நட்சத்திரம் கேக்கறாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொங்குப் பக்கத்துக் குடும்பம் அது. அவர்களும் பெண் பார்க்கத்தான் காத்திருந்தார்கள், அவர்களும் மங்களகரமாக அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். வேறு வேறு ஊரில் இருக்கிற தமிழர்களுக்கு ஒரே புத்திதான். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெரியவர் "அட ஏனுங்க நீங்க, பொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். நான் சட்டென்று மூடப் போனேன். அப்பா விடவில்லை. மெட்ராஸ் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க என்று அவர்களுக்கு வழியெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். கேமரா பயம் அன்றோடு போயே போச்சு. புது அறைக்கு, உலகத்தில் வேறெந்தக் குடும்பமும் வைக்க முடியாதபடி 'அண்ணனூர்கார்ஷெட்ஹாரன்' என்று பெயர் வைத்தார் என் ஆவடிக்காரர்.

ஞாயிறு மத்தியானம். அயர்லாந்தில் அப்போது காலை, சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முந்தின நேரம். அவர் எங்களோடு உட்காரக் கூடாது, மாப்பிள்ளை வீட்டு ஆள் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று அப்பா கறாராகச் சொன்னதால், ஆவடியிலிருந்து ஓர் ஓரக் கட்டத்தில் வந்தார். நடுவில் அவர் அம்மா. வெளுத்த நீலப் புடவை, பின்னால் ஒரு சமையலறை. அந்தச் சமையலறை மேடையில், ஜாடிக்குப் பக்கத்தில், என் அம்மா நூல் சுற்றிக் கட்டிய பொட்டலம். கட்டு அவிழவே இல்லை. அம்மாவும் பார்த்துவிட்டாள். என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஸ்தோத்திரம்ங்க" என்றார் அவர் அம்மா. அப்பா கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கும் சிஸ்டரம்மா" என்றார். பேச்சு சுற்றி வளைத்தெல்லாம் போகவில்லை. நர்ஸ் இல்லையா, ஊசியை நேராகக் குத்தினார்.

"எம் பையன் பொறந்ததுலேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமை கூட சர்ச்சுக்குப் போகாம இருந்ததில்லைங்க. உங்க வீட்டு மருமகனா வந்தப்புறம் அது நிக்குமா? இதத்தான் உங்க முகத்தப் பாத்து கேக்கணும்னு இருந்தேன்."

  அப்பா ஒரு வார்த்தை தடுக்கி விழுந்தால் போதும், எல்லாம் முடிந்தது. அப்பா நாற்காலியை முன்னுக்கு இழுத்து, கேமராவை நேராகப் பார்த்தார்.

"அவரு போவாம இருந்தாதான் எனக்கு கஷ்டம் சிஸ்டரம்மா. ஞாயித்துக்கெழமை கறிக்கடையில நின்னு நின்னு எனக்கு முட்டி போச்சு. ஜெபம் முடிஞ்சி வர்ற வழியில அவரே வாங்கினு வரட்டும். எம் பொண்ணும் கூட போய் வரட்டும், அவளுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது."

அந்த அம்மாளின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

டிவியில் படம் இருக்கிறது, ஆள் பேசுகிறார், சத்தம் மட்டும் இல்லை. ஓரக் கட்டத்தில் அவரும் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார், அதுவும் கேட்கவில்லை. நான் மடிக்கணினி மேல் பாய்ந்தேன். ஒலி அமைப்புகளைத் திறந்து, இதை மாற்றி, அதை மாற்றி, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, நான் கற்ற லினக்ஸ் மொத்தத்தையும் அந்த நேரத்தில் இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் டிவியில் நாற்காலி காலியாக இருந்தது.

"எழுந்து பூட்டாங்க" என்றாள் அம்மா.  "கறிக்கடைய ஏன்யா இழுத்த? சம்பந்தம் பேசற எடத்துல கறிக்கடைய இழுக்கறதா?" அப்பா முகம் வெளுத்து, தப்பாகவா சொல்லிவிட்டேன் என்று என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

காலி நாற்காலிக்குப் பின்னால் நீலப் புடவை தெரிந்தது. அந்த அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கையில் பொட்டலம்.

அம்மா ஆ என்று வாயைத் திறந்தபடி சோபாவை விட்டு எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், சூடாக, டிவி ரிமோட் கிடந்தது. எல்லாம் அதன் மேல் உட்கார்ந்து அம்மா அமுக்கிய வேலை. லினக்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் டிவி மட்டும்தான் ஊமை, நாங்கள் பேசியது எல்லாம், கறிக்கடைச் சண்டை உட்பட, அயர்லாந்தில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைத் திறந்தேன்.

கூடம் அதிர, டிவி ஸ்பீக்கரில் முதலில் வந்தது ஒரு 'கடக்'. பிறகு மெல்லுகிற சத்தம்.  அவர் அம்மா விழுங்கி முடித்து, உள்ளங்கையில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டு, திரைக்குக் கிட்டே வந்து என் அம்மாவைப் பார்த்தார்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி, சம்பந்தி."

என் அம்மா, முறுக்கைக் குறை சொன்ன நாத்தனாருக்குப் பொங்கல் போடாத என் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"ஆமா சம்பந்தி. கம்மிதான்."