வேர்த்த கைக்கு நூல் பிடி

எனக்கு எண்பத்திரண்டு வயசு ஆகுது. பெத்தது ஆறு, வளத்தது எட்டு. கூடுதல் ரெண்டும் என் நாத்தனா பிள்ளைக. ஒண்ணும் சோடை போகலை. பள்ளிக்கூடத்தில் அதிகம் உக்காராதவ நான். எழுத்து கோணலா இருக்கும், சொல்லுறது நேரா இருக்கும்.

பிறந்ததிலிருந்தே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். கோலப்பொடி எடுத்தா விரலில் அப்பிக்கிடும். வாக்கப்பட்ட வீட்டில் ஊறுகாய்ச் சாடியைத் தொடவிடமாட்டாக. அதெல்லாம் போகட்டும்னு இருந்தேன். மனசை அறுத்தது உலக்கைதான்.

ஒரே உரலில் ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு நெல்லுக் குத்துவோம். ஒருத்தி உலக்கை இறங்கும்போது மத்தவ உலக்கை ஏறணும். வந்த புதுசிலேயே என் உலக்கை வேர்வையில் வழுக்கி, மாமியா கால் பெருவிரலில் விழுந்து, நகம் கறுத்துப்போச்சு. அதுக்கப்புறம் எனக்கு எதிர நிக்க ஒருத்தியும் வரலை. தனி உலக்கைதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் நாத்தனாவுக்குக் கல்யாணம் வச்சிருந்தாக. கல்யாண நெல்லில் முதல் குத்து மூத்த மருமக போடணும், சோடி சேர்ந்து போடணும். அது எங்க வீட்டு வழக்கம். “உனக்கு எதிர நிக்க ஆளில்லையேத்தா. சின்ன மருமகளே போடட்டும்”னு மாமியா சொல்லிட்டாக. கோவமாச் சொல்லலை, சாதாரணமாச் சொன்னாக. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை.

எங்க பக்கம் அப்ப ரயில் பாதை போட்டுக்கிட்டிருந்தாக. அந்த வேலையைப் பாக்க வந்த வெள்ளைக்காரத் துரை, கல்லல் போற வழியில் கண்மாய்க்கரையில் கூடாரம் போட்டு, சம்சாரத்தோட இருந்தாரு. காலையில் மோர் கொண்டுபோறது நான்தான். கண்மாய் வத்திக் கிடந்துச்சு. துரைசானி அதுக்குள்ள இறங்கி, நீளக் கம்பால ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிப்பாக. அதுக்குப் பேரு கோல்ஃப்னு வெகுகாலம் கழிச்சு என் பேரன் சொல்லித்தான் தெரியும்.

ஆவணி மாசம். மழையும் வராது, காத்தும் வராது, சும்மா நின்னாலே சேலை முதுகில் ஒட்டுற புழுக்கம். துரைசானி கம்பை ஓங்கி வீசினாக. பந்து அங்கனயே கிடக்குது, கம்பு பறந்து வந்து என் மோர்ப்பானைக்குப் பக்கத்தில் விழுந்துச்சு. எடுத்துக் கொடுக்கப்போனேன், என் கையிலிருந்தும் நழுவிருச்சு. துரைசானி என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாக. அப்புறம் தன் கையையும் விரிச்சு, என் கைக்குப் பக்கத்தில் வச்சாக.

நான் மலைச்சுப்போனேன். கடல் தாண்டி வந்த மகராசி, வெள்ளை வெளேர்னு கை, அதிலயும் ரேகை ஓரமெல்லாம் முத்து முத்தா வேர்வை! என் ஒருத்திக்குத்தான் சாமி இப்படி எழுதிவிட்டதுன்னு இருந்தேன்.

கூடாரத்துச் சமையக்காரர் ரெண்டு பாஷையும் தெரிஞ்சவரு. “அவுக ஊரு குளிராம், தோல் சுத்துன பிடியே போதுமாம். இங்குட்டு வழுக்குதாம். மூணு மாதிரி பிடி போட்டு வரவழைச்சிருக்காக. எது நிக்கும்னு உன்னையும் வச்சுப் பாக்கணுமாம்”னாரு.

“ஏண்ணே, என் கையா ஆப்பிட்டுச்சு?”

“அவுகளை மாதிரி வேர்க்கிற கை இந்தச் சீமையில வேற எங்க இருக்கு? பிடி ஆத்தா!”

நான் பிடியைப் பிடிக்க, துரைசானி அடுத்த முனையைப் பிடிச்சு இழுத்தாக. தோல் பிடி சொகமாத்தான் இருந்துச்சு, ஒரே இழுப்பில் உருவிக்கிட்டுப் போயிருச்சு. அடுத்தது ரப்பர். முதலில் ஒட்டுச்சு. வேர்வை பட்டதும் விரால் மீன் கணக்கா நழுவிருச்சு. கடைசியில் முறுக்கின பருத்தி நூல் சுத்துனது, சொரசொரன்னு. அது வேர்வையைக் குடிச்சுட்டு அப்படியே நின்னுச்சு. அவுக இழுக்க நான் இழுக்க, சமையக்காரர், “தேரா இழுக்குறீக ரெண்டு பேரும்?”னு சிரிக்கிறாரு.

நூல் பிடியிலேயே ரெண்டு கம்பு இருந்துச்சு, அதில் ஒண்ணு தடிமன். துரைசானி அதை ஒதுக்கிட்டு மெல்லிசை எடுத்தாக. பிடிச்சா விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாம இருக்கணும்னு கையை மடக்கிக் காட்டினாக. பிறகு போய் நின்னு ஒரு அடி அடிச்சாக. அம்மாடி! ‘டக்’குன்னு ஒரே சத்தம். பந்து ஒத்தைப் பனைக்கு மேல ஏறி, வெயிலுக்குள்ள கரைஞ்சுபோச்சு. கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறக்குது. ஒரு பொம்பளைக்கு உள்ள இவ்வளவு பலமா, அதைத் தடுத்தது அந்த இத்துனூண்டு வேர்வையான்னு வாயைப் பொளந்துகிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்து பருத்தி நூலை முறுக்கி உலக்கையின் நடுவில் சுத்தினேன். ஆசையில் பட்டை பட்டையாச் சுத்திட்டேன். கைக்கு அடங்கலை. துரைசானி விரலை மடக்கிக் காட்டினது நினைப்பு வந்துச்சு. பூராவும் பிரிச்சு, ஒரே சுத்தாச் சுத்தினேன். தனியாக் குத்திக் குத்திப் பழகினேன்.

நெல்லுக் குத்துற நாளில் பொம்பளைகள்லாம் கூடிட்டாக. மாமியா என் உலக்கையைப் பாத்தாக. “என்னத்தா, பொண்ணுக்கு முந்தி உலக்கைக்குக் காப்புக் கட்டிட்ட?” கொல்லுன்னு சிரிப்பு.

“முதல் குத்து நான்தான் போடுவேன் அத்தை. யாராச்சும் எதிர நிக்கச் சொல்லுங்க”ன்னேன். ஒருத்தி புள்ளைக்குப் பசிக்குதுன்னா, ஒருத்தி இடுப்பு வலின்னா. சின்னவ என் முகத்தையே பாக்கலை. உரலைச் சுத்தி இடம் அகலமாயிக்கிட்டே போச்சு.

மாமியா முந்தானையை இழுத்துச் சொருகினாக. ஒரு உலக்கையைத் தூக்கிக்கிட்டு எனக்கு எதிர வந்து நின்னாக, அதே கறுத்த நகத்தை முன்னால வச்சு.

“ஒரு காலைப் பாத்துட்ட, இன்னொண்ணு மிச்சம் இருக்கு. போடு பாப்போம்!”

போட்டேன். என் உலக்கை இறங்க அவுகளது ஏற, அவுகளது இறங்க என்னது ஏற. வேர்வை முழங்கை வரைக்கும் ஓடுது, பிடி நகரலை. உமி பறக்குது. அவுக ஒரு தடவைகூடக் குனிஞ்சு காலைப் பாக்கலை, என் முகத்தைத்தான் பாத்தாக. பந்து பனையைத் தாண்டினதைக் கண்ட கண்ணுதான் எனக்கு. ஆனா அந்தக் காலு பின்வாங்காம நின்னுச்சு பாருங்க, அதை இன்னைக்கு நினைச்சாலும் மேலு சிலிர்க்குது.

இந்தப் பேனாவிலயும் நூல் சுத்தித்தான் எழுதுறேன். ஏத்தா பேத்தி, இங்குட்டு வா. அடுப்பை அப்புறம் பாத்துக்கலாம். இதை மொதல்லேர்ந்து சத்தமா வாசி. வேர்வை பட்டு மை கலைஞ்ச இடத்தில் நீயா எதையும் போட்டுச் சொல்லாத, என்னைக் கேளு.