பெருமாளின் பெயரில் என் நெஞ்சுப் படம்

ஆவி, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன். மனிதர்களின் உள்ளே பார்ப்பதே தொழிலாக இருந்தவனுக்கு, உள்ளே எலும்பும் சதையும் காற்றும் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான் நம்பிக்கை. நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நடந்ததை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நான் செய்த தப்பையாவது நம்புங்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அடியில் இறங்கி வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுப்போம். பாறையில் துளை போடும்போது பறக்கிற தூசி நுரையீரலில் படிந்திருந்தால், படத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தெரிந்தால் டாக்டர் அந்த ஆளை அடியிலிருந்து எடுத்து மேலே வேலைக்குப் போட்டுவிடுவார். உயிரைக் காப்பாற்றத்தான். ஆனால் அவர்களுக்கு அது தண்டனை மாதிரி. மேல் வேலைக்குச் சம்பளம் குறைவு, கூடவே 'தூசி பிடிச்சவன்' என்கிற பேரும் வந்துவிடும், அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள்.

பெருமாள், கோரமண்டல் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். துளை போடும் மெஷினில் வேலை. என்னைவிடப் பத்து வயசு பெரியவர். அந்த வருஷம் அவருக்கு இருமல் விடவே இல்லை, மூத்த பெண்ணுக்கு நிச்சயமும் ஆகியிருந்தது. படம் எடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"இன்னா சார், உன் மெஷினு ஆளு மூஞ்சியப் பாக்குமா?"

"நெஞ்சைத்தான் பார்க்கும். ஏன்?"

"அப்ப நாளைக்கு என் தம்பி சேகர் வந்து நிப்பான். ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடையில துணி கிழிக்கிறவன். அவன் நெஞ்சுல பஞ்சத் தவிர ஒண்ணும் இருக்காது." சிரித்தார், சிரிப்பு இருமலாகி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொண்ணு கல்யாணம் முடியட்டும் சார். அடுத்த வருஷம் நானே வந்து நிக்கறேன்."

இப்படி ஆள் மாற்றி நிறுத்துவது உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பத்தரை மணி, நல்ல வெயில். சேகர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். பெருமாளின் நம்பரை, படத்தில் விழும்படி ஈய எழுத்தில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். டார்க் ரூமில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன்.

இரண்டு பக்கமும் உப்பைத் தூவின மாதிரி புள்ளிகள். அதுகூடப் பரவாயில்லை. வலது பக்கம் ஆறாவது விலா உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. அது பெருமாளின் விலா. பாறை சரிந்து அது உடைந்தபோது படம் எடுத்ததே நான்தான்.

வெளியே வந்து சேகரின் விலாவைத் தடவிப் பார்த்தேன். நேராக இருந்தது. எப்போதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"சைக்கிள்லகூட விழுந்ததில்ல சார். இன்னா சார் இது, கூசுது."

பழைய பிலிம் ஏதாவது கலந்துவிட்டதோ என்று புது டப்பாவைப் பிரித்து மறுபடி எடுத்தேன். அதே புள்ளிகள், அதே கோணல்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தை டாக்டர் மேசையில் வைத்திருக்க வேண்டும். எப்படி வந்ததோ, வந்தது உண்மை. பெருமாளை மேலே எடுத்திருப்பார்கள், பிழைத்திருப்பார். நானோ, சரி என்று சொல்லிவிட்டேனே, அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தேன். இரண்டு படத்தையும் பாய்லர் நெருப்பில் போட்டேன். பிறகு அதே நம்பரை வைத்து, நானே சட்டையைக் கழற்றிவிட்டு நின்று, சேகரைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். என் படம் சுத்தமாக வந்தது. அவசரத்தில் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற மறந்திருந்தேன், வேல் டாலர் நடு நெஞ்சில் வெள்ளையாக விழுந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "சங்கிலியைக் கழட்டச் சொல்ல மாட்டீங்களாய்யா?" என்று கடிந்துகொண்டு, பெருமாள் பேருக்கு நேரே 'தூசி இல்லை' என்று எழுதினார்.

கல்யாணம் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். அடுத்த வருஷப் படத்துக்குப் பெருமாள் வரவில்லை. அதற்குள் அடியில் இறங்குகிற ஷாஃப்ட் வாசல் வரைக்கும் நடக்கக்கூட அவருக்கு மூச்சில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார், உட்கார்ந்தபடியே போய்விட்டார். கடைசி வாரம் பார்க்கப் போனபோது, "உன் மேல ஒண்ணும் இல்ல சார்" என்றார். நான் கேட்கவே இல்லை.

போன மாசம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் டாக்டர், அந்தக் காலத்தில் படம் எடுத்தவன் என்று விசாரித்து என்னைக் கூப்பிட்டாள். பழைய சுரங்கத்துப் படங்களைச் சேர்த்து, டாக்டர்கள் எழுதிய முடிவோடு கம்ப்யூட்டருக்குக் காட்டிக் காட்டி, தூசி நோயைத் தானாகவே கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். நோய் இருக்கிற இடத்தைச் சிவப்பாகக் காட்டுமாம். அந்தக் குவியலில் ஒரு பொய்ப் படம் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஒரு படத்தைத் திரையில் போட்டாள்.

"இதக் கொஞ்சம் பாருங்க சார். தூசி இல்லைன்னு எழுதியிருக்கு, மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

பெருமாளின் நம்பர். இரண்டு நுரையீரலும் சிவப்பு. படத்தையே கேட்டு வாங்கி ஜன்னலில் பிடித்தேன். பொடிப்புள்ளிகள். வலது ஆறாவது விலா கோணல். நடு நெஞ்சில் என் வேல்.

நான் ஒரு நாளும் அடியில் இறங்கியவன் இல்லை. அந்த வாரமே வேறிடத்தில் படம் எடுத்துப் பார்த்தேன், என் விலா அத்தனையும் நேராகத்தான் இருக்கிறது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயசானவர் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். 'தூசி இல்லை' என்பதை அழித்துவிட்டு, "இது யார் படம்னு எழுதட்டும் சார்?" என்றாள்.

"பெருமாள்னே எழுதும்மா."

எழுதினாள். பிறகு, "இன்னொண்ணு சார். சங்கிலி, பொத்தான் இதையெல்லாம் மெஷின் கண்டுக்கவே கண்டுக்காது. இந்தப் படத்துல மட்டும் பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். வேலின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு, நுரையீரலில் இருந்ததைவிட அழுத்தமாக.

"நோய் இருக்கிற இடத்தைத்தானே காட்டும்னு சொன்னே?"

"ஆமா சார். அதான் எனக்கும் புரியல."

சங்கிலி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. குளிக்கும்போது கை அதில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.