அடுப்புப் பரணில் ஒரு பொட்டலம்

உடும்பஞ்சோலையில் மழை பிடித்துவிட்டால் எதுவும் காயாது. தீப்பெட்டி, உப்பு, மகளின் சட்டை எல்லாம் அடுப்புக்கு மேலிருக்கும் பரணுக்குப் போகும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யார் வீட்டு அடுப்பு எரிகிறதோ, பக்கத்து வீட்டு ஈரமும் அங்கேதான் காயும். கேட்டுவிட்டு வைக்கிற வழக்கம் இல்லை.

கணவர் பீர்மேட்டில் ஜீப் ஓட்டுகிறார். வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாட்களில் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான்.

அன்று மகளை அங்கன்வாடியிலிருந்து கூட்டிவந்து உலை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஏத்தா, அண்ணன் கட்டுன பன்னி வெடி நமுத்துப்போச்சு. ஒன் பரண்லதான் வச்சிருக்கேன். கருவாடுன்னு கொழம்புல போட்டுறாத!"

ஏலத்தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றியை விரட்ட, அவர் கணவர் வீட்டிலேயே மருந்து கலந்து வெடி கட்டுவார். அண்ணாந்து பார்த்தேன். புகைக்கு நடுவே செய்தித்தாள் பொட்டலம். கீழே தீ நன்றாகப் பிடித்திருந்தது. அடுப்போரம் மகள் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடி, அக்காவை வெளியே வரச்சொல்லிக் கத்தினேன்.

"இதுக்கா இந்தக் கூப்பாடு? நவுரு, நா எடுத்தாறேன்."

"வேணாம்க்கா. சூடேறியிருக்கும். ஒரசுனாலே வெடிக்கும்."

"படிச்சவளுக்குப் பயம் சாஸ்திதான்."

உள்ளே போகப் பார்த்தார். மகளைத் தள்ளி இறக்கிவிட்டு, என் வாசலில் குறுக்கே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. மற்றொரு கையால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். தொடாதே, தள்ளி நில் என்பதை மலையாளத்தில் "தொடருது, மாறி நில்லு" என்றார்கள். லயமே வெளியே வந்து நனைந்தது.

அவர்கள் வந்து, அடுப்பு தானாக அவியும்வரை காத்திருந்து, பொட்டலத்தை எடுத்துப் போனார்கள். பின்னால் போலீஸ் வந்தது. அண்ணன் மேல் கேஸ்.

வெடிக்கவில்லை. இன்றுவரை எல்லோரும் சொல்வது அதைத்தான். "எடுக்க விட்டிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்" என்று அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னார். இருக்கலாம். அடுப்பு மூட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஆனால் யோசனையின் முடிவில், ஒவ்வொரு முறையும், அவர் கையை நான் விடுவதில்லை.

மறுபடி மழைக்காலம். லயத்தில் எல்லோர் துணியும் எங்கெங்கோ காய்கிறது. என் பரணில் எங்கள் துணி மட்டும்.