நிரம்பாத குழி நிரம்பிடுச்சு

தாட்சாயிணி வாய் ஓயாதவ. பட்டாபிராம்ல ரயிலேறி ஆரம்பிச்சான்னா ஆவடி வர்ற வரைக்கும் பேச்சுதான். அம்பத்தூர் எஸ்டேட்ல மருந்து டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி, அதுல சர்வரைப் பார்த்துக்கிற வேலை. டேட்டா என்ட்ரிக்குன்னு வந்தவ, கறுப்புத் திரையோட மல்லுக்கட்டி லினக்ஸைத் தானே கத்துக்கிட்டா.

பேச்சைக் கேக்கறது புருஷன் தங்கவேல், ஆவடி ஃபேக்டரி ஃபிட்டர். எதுக்கும் "உம்"தான் பதில். "எங்க ஊட்டுக்காரர் காது டெவ் நல்லு"ன்னு சொல்லிச் சிரிப்பா. 'நல்'னா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. கம்ப்யூட்டர்ல அது அடியில்லாத குழி. வேண்டாததை எவ்வளவு கொட்டினாலும் காணாமப் போயிடும், நிரம்பவே நிரம்பாது.

அன்னிக்கு லேபிள் நின்னுபோச்சு. சர்வர் 'இடமில்லை'ன்னு கைவிரிச்சிடுச்சு. மேனேஜர் கார்த்திகேசன் வந்து நின்னார்.

"நாலு மணிக்கு வண்டி வருதும்மா. அதுக்குள்ள ஓடலன்னா சர்வர் வேலையை வானகரத்துல இருக்கற வெளி கம்பெனிகிட்ட குடுத்துடச் சொல்றார் முதலாளி."

குடுத்துட்டா இவளுக்கு அங்க இன்னா வேலை?

லேபிள் புரோகிராமை ஒரு ஃபோல்டருக்குள்ள பூட்டி, அதுதான் மொத்த உலகம்னு நம்ப வெச்சிருந்தா. அதுக்கு அவ வெச்ச பேரு ஜெயில். ஜெயிலுக்கு உள்ளயும் வெளியயும் சல்லடை போட்டுத் தேடினா. அந்த நல்லு இருக்கற டெவ் ஃபோல்டரை மட்டும் விட்டுட்டா. அங்க இருக்கறதெல்லாம் டிஸ்க், கீபோர்டுக்குப் போற வாசல். வாசல் எங்க இடம் பிடிக்கும்?

மூணேகால். அழுகை முட்டிக்கினு வர, புருஷனுக்குப் போன் போட்டா.

"என் வேலை போச்சுங்க. அந்த ஜெயிலுக்குள்ள இன்னா கீதுன்னே தெரியல."

"உம்," என்றார். அப்புறம் மெதுவா, "ஜெயிலுக்குள்ள டெவ்வை அவசரத்துல சும்மா காப்பி பண்ணிட்டேன், பூஜை முடிஞ்சு சரி பண்ணணும்னியே. பண்ணியா?"

"எப்ப சொன்னேன்?"

"முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு. இந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டி."

திறந்து பார்த்தா, அடப்பாவமே. சும்மா காப்பி பண்ணதுல குழி வெறும் ஃபைலாயிடுச்சு. புரோகிராம் இத்தனை நாளா கொட்டின குப்பையெல்லாம் ஒண்ணு விடாம முந்நூறு ஜிபிக்கு உக்காந்திருக்குது. புரோகிராமை நிறுத்தி, அதை அழிச்சு, ஒண்ணு, மூணுன்னு அதுக்குண்டான நம்பர் போட்டு நெசக் குழியை உண்டாக்கினா. எல்லாரும் எழுத அனுமதியும் குடுத்தா. மூணு அம்பதுக்கு லேபிள் ஓட ஆரம்பிச்சுது.

"என் தப்புதான் சார்,"ன்னு சொன்னா.

"வண்டி நிக்குதும்மா, முதல்ல ஏத்தச் சொல்லுங்க," என்று கார்த்திகேசன் கீழே ஓடினார். வானகரம் பேச்சு அதோட முடிஞ்சுது.

சாயந்திரம் ஆவடியில தங்கவேல் ஏறிப் பக்கத்துல உக்காந்தார். தாட்சாயிணி வாயே திறக்கல. பதினெட்டு வருஷமா அந்தக் காதுல என்னென்ன கொட்டியிருக்கா.

"இன்னா, பேச்சையே காணோம்?"

"நான் சொன்னதெல்லாம் உள்ளதான் கீதா?"

"உம்."

"உங்க அக்காவைப் பத்திச் சொன்னதுமா?"

"உம்," என்றார் தங்கவேல்.