சத்தமில்லாமல் பதிவான பாட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில், என் அறைக்கும் மேரி அக்காவின் அறைக்கும் நடுவில் கூரையைத் தொடாத ஒரு சுவர்தான். எனக்குப் பிடித்த ஆங்கில ராக் பாட்டுகளை நானே கிட்டார் வாசித்துப் பாடி, போனில் பதிவு செய்வேன். அக்காவின் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்து இருமுவார். நான் சுவரைத் தட்டுவேன்.

"அக்கா, ரெக்கோட் பண்றேன். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."

அன்று தட்டியபின் இருமல் வரவேயில்லை. பாட்டு ஒரே தடவையில் அமைந்தது. சந்தோஷத்தோடு போனை நிறுத்தினேன். உடனே அக்கா அலறினார். ஓடினேன்.

"பாதிப் பாட்டுலயே போயிட்டாரு தம்பி. நீ பாடி முடிக்கட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் வருவதில்லை. அந்தப் பதிவை மட்டும் அடிக்கடி போட்டு, எந்த இடத்தில் அவர் போனார் என்று தேடுகிறேன். ஒரு சத்தமும் இல்லை.