சூடு தெரியாத கை

"உடம்புக்குள்ளே என்ன இருக்குன்னு படிச்சு நமக்கு என்னாத்துக்கு? துணிக்குள்ளே இருக்கிற அழுக்கு போனாப் போதாதா?"

இப்படிக் கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. புதுப் பாடப் புத்தகத்தில் மனித மூளையின் படத்தை விரித்துக் காட்டியதற்குக் கிடைத்த பதில் அது. படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "யாரோ துண்டைப் பிழிஞ்சு, உதறாமலே வச்சிட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இன்றுவரை மூளையின் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்குப் பிழிந்த துண்டுதான் தெரிகிறது. அதைவிடப் பொருத்தமான உவமை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

எங்களுடையது மட்டாஞ்சேரியில் துணி வெளுக்கும் குடும்பம். எந்தத் தலைமுறையில் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்தோம் என்று சொல்ல ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் துவைப்பார்கள். வீட்டு முன்னால் இருந்த ஓலைக் கொட்டகையில் மாமா தேய்ப்பார். மிளகும் சுக்கும் விற்கிறவர்களின் வெள்ளை உடுப்புகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. துணியின் மூலையில் இட்ட மசிக்குறியைப் பார்த்து அது எந்த வீட்டுடையது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அச்செழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். பள்ளியில் சொல்லிக்கொடுத்தது மலையாள எழுத்து. தமிழ் எழுத்தைப் பின்னால் நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். இதில் எனக்கு அன்றும் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

மாமாவுக்கும் ஒரு பெருமை உண்டு. அது அவருடைய வலது கை.

தேய்க்கிற வேலையில் புதிதாக இறங்குகிறவன் விரலைச் சுட்டுக்கொண்டு அலறுவான். நாள் போகப் போக அலறல் குறையும். சூடு உறைக்காத கைதான் எங்களிடத்தில் முதிர்ந்த கை. அதை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார்கள். மாமாவின் கை எல்லாரையும் மிஞ்சியது. பெட்டியின் துளை வழியே சிரட்டைக் கனல் தெறித்து வெள்ளைச் சட்டையில் விழுந்தால், மற்றவர்கள் பதறுவார்கள். மாமா சுண்டுவிரல் ஓரத்தால் எறும்பைத் தட்டுவதுபோலத் தட்டிவிடுவார். பார்க்க நாலு பேர் இருந்துவிட்டால் போதும், ஒரு கனலை எடுத்து மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் பீடி பற்றவைப்பார். "அது கை இல்லடே, கொறடு" என்று பக்கத்துக் கொட்டகைக்காரர் சொல்வார். அந்த இரண்டு விரல்களும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். பெட்டியின் பிடியைப் பிடித்துப் பிடித்து அப்படி ஆனது என்று சொல்லிக்கொண்டோம். அவற்றில் எப்போதும் ஏதாவது ஒரு புண் இருக்கும். தேங்காயெண்ணெய் தடவினால் சரியாகப் போகும் என்பார்.

அந்த வருஷம் எங்கள் வகுப்புக்கு ஒரு புது டீச்சர் வந்தார். திருச்சூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. பாடம் நடத்தும்போது சாக்பீஸை உடைத்துக்கொண்டே இருப்பார். கரும்பலகையில் ஒரு மனித உருவத்தை வரைந்து, தலையில் மூளையைப் போட்டு, முதுகெலும்பின் குழாய்க்குள் ஒரு தண்டை இறக்கினார். அந்தத் தண்டிலிருந்து கைக்கும் காலுக்கும் நரம்புகள் பிரிந்து போயின. ஒவ்வொரு நரம்பும் ஒற்றை நூல் அல்ல, பல இழைகள் சேர்ந்த கட்டு என்றார். சில இழைகள் தோலில் படுகிற சேதியை மேலே கொண்டுபோகும். சில இழைகள் மேலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவரும். மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. துணி உலர்த்தும் எங்கள் காய்ப்புக் களத்தில் இருந்த கயிறுகளும் பல புரி சேர்த்து முறுக்கியவைதான். புரியின் இடுக்கில் துணி முனையைச் செருகித்தான் காயப் போடுவோம்.

பிறகு டீச்சர் சொன்னதுதான் வினையானது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை தானாகவே பின்னால் வந்துவிடும். சேதி மூளைக்குப் போய்ச் சேரும்வரை கை காத்திருப்பதில்லை. முதுகுத் தண்டே 'எடு' என்று திருப்பி அனுப்பிவிடும். வலியை மூளை அறிவது அதற்குப் பின்னால்தான். உலகத்தில் எந்த மனிதனுக்கும் இப்படித்தான் நடக்கும்.

நான் எழுந்து நின்றேன். "என் மாமாவுக்கு நடக்காது டீச்சர்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. "நொண" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். பொய் என்று அர்த்தம். டீச்சரும் சிரித்துவிட்டு, அப்படியானால் ஒருநாள் மாமாவை அழைத்து வா, பார்க்கலாம் என்றார்.

அழைக்க வேண்டியிருக்கவில்லை. தலைமை ஆசிரியையின் துணி மூட்டையோடு அந்த வெள்ளிக்கிழமையே மாமா பள்ளிக்கு வந்தார். மத்தியான உப்புமா வேகும் கொட்டகையில் கனல் இருந்தது. நான் மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெண்பிள்ளைகள் எல்லாம் சூழ்ந்துகொண்டதும் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நோக்கிக்கோங்க மக்களே" என்று அடுப்பிலிருந்து ஒரு கனலை எடுத்து இரண்டு விரல் நடுவே வைத்தார். பள்ளிக்கூடம் ஆனதால் பீடி மட்டும் இல்லை. கைதட்டல் எழுந்தது. 'நொண' என்று கத்தினவளை நான் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு வெற்றியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

டீச்சர் கைதட்டவில்லை. "கீழே போடுங்க" என்றார். தோல் கருகின வாடை அவருக்கு மட்டும் வந்திருக்கிறது. மாமாவைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தன் கைக்குட்டையின் முனையைத் திரியாக முறுக்கி, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றார். கட்டைவிரலைத் தொட்டார், மாமா சொன்னார். நடுவிரலைத் தொட்டார், சொன்னார். பிறகு சுண்டுவிரலைத் தொட்டார். உள்ளங்கையின் ஓரத்தைத் தொட்டார். மறுபடி சுண்டுவிரலைத் தொட்டார்.

மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிரித்த முகமாய்க் காத்திருந்தார். "தொடுங்க டீச்சரே, என்ன யோசனை?" என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா நடிக்கிறார் என்றே நினைத்தேன்.

டீச்சரின் அண்ணன் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர். மறுநாள் டீச்சரே எங்களை அங்கே கூட்டிப்போனார். டாக்டர் விரல்களைப் பார்க்கவில்லை, நேராக முழங்கைக்குப் போனார். உள்பக்க எலும்பின் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை விர்ரென்று மின்னுகிறதே, அந்த நரம்புதான். என் விரலைப் பிடித்து மாமாவின் முழங்கையில் வைத்தார். தோலுக்கடியில் காய்ப்புக் களத்துக் கயிறுபோலத் தடித்து உருண்டது. என் முழங்கையிலோ அது மெல்லிய நூலாகத்தான் இருந்தது. மாமாவின் புஜத்தில் தேமல் என்று நாங்கள் விட்டுவிட்டிருந்த வெளுப்பையும் டாக்டர் பார்த்தார். முழங்கை நரம்பு ஒரு நோயால் வீங்கிக் கெட்டுக்கொண்டிருந்தது. மேலே போகிற இழை கெட்டதால் சூடு தெரியவில்லை, கீழே வருகிற இழை கெட்டதால் விரல் மடங்கியது. மாத்திரை உண்டு, விடாமல் சாப்பிட்டால் நோய் அடங்கும், அதற்குமேல் ஒருவருக்கும் ஒட்டாது என்றார். ஆனால் இழந்த உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது. சுட்டால் சுட்டது என்று இந்தக் கை இனி சொல்லாது, அதனால் தினமும் யாராவது அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

நோயின் பெயரைத் தணிந்த குரலில் சொன்னார். எனக்கு அது ஒரு சொல்தான். மாமா தரையைப் பார்த்தார்.

வீட்டில் அம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் வாசல் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவு மூடி நான் பார்த்ததில்லை. "வெளியே தெரிஞ்சா ஒரு வீட்டுல துணி தருவாங்களா? இவன் கை பட்ட துணியை எவன் உடுத்துவான்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வீட்டு விஷயத்தை ஊருக்குப் பறையத்தான் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினமா?"

வெளியே தெரியத்தான் செய்தது. கைதட்டின பிள்ளைகள் வீட்டில் போய்க் கதை சொல்லியிருப்பார்கள். ஒரு சுக்கு வியாபாரி வீட்டிலிருந்து மூட்டை வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு வீடு. காரணத்தை யாரும் நேரே சொல்லவில்லை. மழைக்காலம் கழியட்டும் என்றார்கள். மழையே இல்லை. அப்பா பாதித் துணியோடு திரும்பி வந்து, நாளை முதல் பெண்ணும் வேலைக்கு வரட்டும், படிப்பு போதும் என்றார்.

பேசமாட்டார் என்று நான் நினைத்த மாமாதான் பேசினார். "இவ வாயைத் திறக்கலேன்னா ரெண்டு விரலும் போயிருக்கும் அத்தான். இவளை நிறுத்திட்டா என் கையை யாரு நோக்கறது? நீங்களா? உங்களுக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாதே." அம்மாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நான் பள்ளிக்குப் போனேன்.

அன்றுமுதல் மாமாவுக்கு நரம்பாக இருப்பது என் வேலையாயிற்று. பெட்டியின் பிடியில் துணி சுற்றினோம். சூட்டை நான் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பேன், பிறகு அவர் தேய்ப்பார். சாயங்காலம் சாயா குடித்துவிட்டு விளக்கடியில் கையை நீட்டுவார். கொப்புளம், சிவப்பு, கீறல் என்று விரல் விரலாகப் பார்ப்பேன். பள்ளியில் இத்தனை கவனமாக எந்தப் பாடத்தையும் நான் படித்ததில்லை.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை டீச்சர் ஒரு பெரிய மூட்டையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். தன் சேலைகளும் அண்ணனுடைய வெள்ளைக் கோட்டுகளும். தெருவே கேட்கும்படி, "ஆஸ்பத்திரிக் கோட்டு. இந்தக் கைதான் தேய்க்கணும்னு எங்க சேட்டன் சொல்லியிருக்கார். நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றார். வாரந்தோறும் மாமா கோட்டுகளை மடித்து, இரண்டு கைகளிலும் ஏந்தி, கடைத்தெரு வழியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டாக்டர் அங்கேயே ஒன்றை உதறி மாட்டிக்கொள்வாராம், வராந்தாவில், எல்லாரும் பார்க்க. மெள்ள மெள்ள வியாபாரிகள் வீட்டு மூட்டைகள் திரும்பி வந்தன. எல்லா வீடும் வரவில்லை. போதுமான வீடுகள் வந்தன.

எனக்கு ஒரு குறைதான் இருந்தது. ஒருநாள் கோட்டுகளைப் பிரித்தபோது, இரண்டு கோட்டுகளில் போன வாரம் நாங்கள் போட்ட மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. கஞ்சியின் மொறமொறப்புகூடப் போகவில்லை. "உடுத்தாத கோட்டை எதுக்கும்மா திருப்பி அனுப்புறாங்க? இந்த டாக்டருக்குக் கணக்கே தெரியலை" என்று நான் நொடித்தேன். அம்மா கோட்டை என் கையிலிருந்து வாங்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு தண்ணீரில் போட்டாள். இவளுக்கும் என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

மாமாவின் நோய் அடங்கி வருஷங்கள் ஆகின்றன. சுண்டுவிரல் மடங்கியபடியே இருக்கிறது, ஆனால் முழுசாக இருக்கிறது. இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது. என் மூக்கு நல்லா இருக்குன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நான் நர்ஸ் படிப்பை முடித்தபோது, எந்தப் பிரிவில் வேலை வேண்டும் என்று கேட்டார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு, தொழுநோய்ப் பிரிவைக் கேட்டு வாங்கினேன். போன திங்கட்கிழமை வேலையில் சேர்வதற்காகப் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் வெள்ளை உடுப்பைப் பார்த்து, எந்த ஆஸ்பத்திரி என்று பிரியமாக விசாரித்தாள். வெளியே வேறு பிரிவின் பெயரைச் சொல்லிக்கொள் என்று தோழிகள் புத்தி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரியின் பெயரோடு, தொழுநோய்ப் பிரிவு என்று நோயின் பெயரையும் சேர்த்தே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அந்த அம்மாள் பெஞ்சின் கடைசிக்கு நகர்ந்தாள்.

நான் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படகு வரும்வரை தாராளமாக உட்கார்ந்திருந்தேன்.