கஞ்சி போடாத வேட்டி

முப்பது வருஷம் திண்டிவனம் ரூட்டில் பஸ் ஓட்டிய விநாயகம், ரிட்டயர் ஆன மறுநாளே காக்கியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெள்ளை வேட்டிக்கு மாறினார். டெரிகாட்டன் காக்கிக்குள் அத்தனை வருஷம் வெந்தவருக்கு, கஞ்சி போட்டு இஸ்திரி பிடித்த பருத்தி வேட்டிதான் மரியாதை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அவர் வருவதை அதன் மொடமொடப்பே முன்னால் வந்து சொல்லும்.

மருமகள் மஞ்சு மூன்று மாதப் பெண் குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து வந்தது நல்ல சித்திரை வெயிலில். பாறையெல்லாம் சூடு கக்கும் சாயங்காலங்களில், ஆன்லைனில் வாங்கிய பளபளப்புச் சட்டைக்குள் பிள்ளை கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்து அழுதது. விநாயகத்துக்கு மகன் எழில் பிறந்த கோடை ஞாபகம் வந்தது. அப்போது அவருடைய நைனாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மனைவி லட்சுமியம்மாள் கையாலேயே முடிச்சுப் போடுகிற சட்டைகள் தைத்தாள். பாலாடை மாதிரி துணி. மிஞ்சிய துண்டை டூட்டிக்குக் கொண்டுபோய்க் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். திண்டிவனம் வரைக்கும் பிள்ளை வாசனை கூட வரும்.

லட்சுமியம்மாள் வல்லத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்று, பீரோவில் இருந்ததிலேயே நல்ல வேட்டியை எடுத்துக்கொண்டு டெய்லர் துரைக்கண்ணுவிடம் போனார். அலசிக் கொண்டு வந்தால் தேவலை என்றார் டெய்லர். நேற்றுத்தான் வெளுத்தது என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று நாலு சட்டை தைத்து வாங்கிவந்தார். மறுநாள் காலை பிள்ளையின் அக்குள் இரண்டும் சிவந்து கிடந்தன.

"பரவால்ல மாமா" என்று மஞ்சு சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். பழையபடி பளபளப்புச் சட்டைதான். அவள் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

லட்சுமியம்மாள் வந்து தொட்டுப் பார்த்தாள். "இன்னாய்யா, அட்டையில தெச்சு மாட்டிவுட்டுக்கிற? உங்க நைனா எந்தக் காலத்துல கஞ்சி போட்டாரு?"

போட்டதே இல்லை. சிங்கவரத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குத் தண்ணி கட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக நைனா இடுப்பில் கிடந்த துணி அது.

அன்றைக்கே இரண்டு வேட்டிகளை அண்டாவில் ஊறப்போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றினார். அப்புறம் அவற்றையே மாற்றி மாற்றிக் கட்டினார், கட்டிக்கொண்டே படுத்தார், தானே துவைத்தார். டீக்கடையில் பழைய கண்டக்டர் இளையபெருமாள் விடவில்லை.

"இன்னா டிரைவரே, வேட்டி அழுவுது? ஊட்ல கஞ்சிக்குக் கூட அரிசி இல்லியா?"

விநாயகம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். காரணம் சொல்லக் கூச்சம். தொடையில் ஒட்டுகிற வேட்டியோடு நைனா வரப்பில் நடந்து வருவது மட்டும் கண்ணுக்குள் வந்து போனது. பேரப்பிள்ளைக்கு ஆகும் என்று நினைத்தா அவர் கட்டினார்?

ஒரு மாதம் போயிற்று. கொடியில் காய்ந்ததில் ஒன்றை எடுத்து மஞ்சு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை, கத்தரியை எடுத்துவந்தாள். லட்சுமியம்மாள் ஊசியோடு உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் அந்தச் சட்டையில் பிள்ளை விரல் சூப்பிக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கியது. விநாயகம் நாலு தரம் போய் அக்குளைப் பார்த்துவிட்டு வந்தார். சிவக்கவில்லை.

மிச்சத் துணியை மடித்துக்கொண்டே மஞ்சு சொன்னாள்: "அந்த இன்னொன்ன இன்னும் பத்து நாளு கட்டிக் குடுங்க மாமா. ஓரமெல்லாம் லேசா மொரமொரன்னு இருக்குது."

விநாயகம் அதை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.